மருத்துவச்சியும் ஆந்தையும்: சூனியக்காரிக் கதாபாத்திரத்தை எந்த ஆட்ட விதிகளில் அமைப்பது?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் கதை வளர்க்கும் ரோல்பிளேயிங் ஆட்டங்களில், சூனியக்காரியாக விளையாட வேண்டும் என்ற ஆசையோடு மேசைக்கு வருபவர்களில் பலர் நான்காவது, ஐந்தாவது அமர்வுக்குள் அந்த ஆசையைத் தொலைத்துவிடுவதை நான் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். கதாபாத்திரத் தாளில் கூர்முனைத் தொப்பி இருக்கும், கறுப்புப் பூனை இருக்கும், மூலிகை கொதிக்கும் அண்டாவும் இருக்கும். சண்டை தொடங்கியதும் அவள் செய்வதோ ஒவ்வொரு சுற்றிலும் அதே மந்திரக் கணையை எய்வது மட்டுமே. பூனை மூன்று அமர்வுகளாகப் பையை விட்டு வெளியே வந்திராது. விளையாடுபவரின் கற்பனையில் குறை ஒன்றும் இல்லை. அவர் மனத்தில் சுமந்துவந்த சூனியக்காரிக்கும், அவர் தேர்ந்தெடுத்த விதிகள் அவர் கையில் கொடுத்த கருவிகளுக்கும் இடையே தொடர்பு இல்லாமல் போனதுதான் சிக்கல். எனவே எந்த விதிப்புத்தகம், அதற்குள் எந்தக் கிளாஸ் (கதாபாத்திரத்தின் திறன்களை வகுக்கும் வகை) என்ற கேள்விக்குத் தொப்பியின் நிறத்தை யோசிப்பதற்கு முன்பே விடை காண வேண்டியிருக்கிறது.

இந்தக் கட்டுரையில் நான் ஒப்பிடுவது மூன்று ஆட்ட முறைகளை: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு, பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பு, வார்ஹாமர் ஃபேன்டசி ரோல்பிளேயின் நான்காம் பதிப்பு. மூன்றையும் நடத்தியும் விளையாடியும் பார்த்த பிறகு, சூனியக்காரியைச் சூனியக்காரியாக நிலைநிறுத்துபவை மூன்று உறவுகள் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். தன் ஆற்றலுக்காக அவள் யாரிடம் கடன்பட்டிருக்கிறாள் என்பது முதல் உறவு. அவளோடு திரியும் விலங்கு அவளுக்கு என்ன ஆகிறது என்பது இரண்டாவது. அவள் வாழும் ஊர் அவளை எந்தக் கண்ணோடு பார்க்கிறது என்பது மூன்றாவது. எந்த மந்திரம் எத்தனை பகடைச் சேதம் தரும் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகு வருவது. இந்த உறவுகளில் எதை ஒரு விதிப்புத்தகம் மேசையில் உயிரோடு வைத்திருக்கிறது என்பதே என் அளவுகோல்.

இந்த மூன்றையும் நான் காற்றிலிருந்து பிடிக்கவில்லை. ஐரோப்பிய வழக்கு ஆவணங்களில் இவை திரும்பத் திரும்ப வருகின்றன. இங்கிலாந்தின் செம்ஸ்ஃபோர்டில் 1566ஆம் ஆண்டு தூக்கிலிடப்பட்ட ஆக்னஸ் வாட்டர்ஹவுஸின் வழக்கில், இரத்தத் துளி கொடுத்து வளர்க்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பூனை வருகிறது. பின்னர் அதைத் தேரையாக மாற்றியதாகவும் அவர் கூறியதாகப் பதிவாகியுள்ளது. ஸ்காட்லாந்தின் ஆல்டேர்னில் 1662ஆம் ஆண்டு வாக்குமூலம் அளித்த இசபெல் கௌடி, சாத்தானுடன் செய்த உடன்படிக்கையைப் பற்றியும், முயலாக உருமாறி ஓடியதைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறார். 1692ஆம் ஆண்டு அமெரிக்காவின் சேலம் என்ற ஊரில் 19 பேர் தூக்கிலிடப்பட்டதற்குப் பின்னால் அண்டை வீட்டார் ஒருவர் மீது ஒருவர் கொண்டிருந்த அச்சமும் பகையும் இருந்தன. துணை விலங்கு, கடன், ஊர் ஆகிய மூன்றும் இப்படி ஒவ்வொரு நிலத்திலும் ஒவ்வொரு விகிதத்தில் கலந்து கிடக்கின்றன. பெண் மட்டுமே சூனியக்காரி என்ற எண்ணமும் எல்லா இடத்துக்கும் பொருந்துவதில்லை. ஐஸ்லாந்தில் பதினேழாம் நூற்றாண்டில் இந்தக் குற்றச்சாட்டில் எரிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் ஆண்கள். இத்தாலியின் ஃப்ரியூலிப் பகுதியில், தலையில் பனிக்குட உறையோடு பிறந்த பெனந்தாந்தி என்போர், தம் ஆவி உடலை விட்டு வெளியேறிப் பெருஞ்சீரகத் தண்டை ஏந்திச் சூனியக்காரர்களோடு போரிட்டு ஊரின் விளைச்சலைக் காப்பதாகச் சொன்னார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் விசாரணை மன்றம் அவர்களையே சூனியக்காரர்கள் என்று நம்பவைக்கப் பல பத்தாண்டுகள் முயன்றது. ஒரு கதாபாத்திரத்துக்கு இதைவிடச் செறிவான பின்னணியை நான் கண்டதில்லை.

ஒப்பீடு நியாயமாக இருக்க வேண்டுமென்றால் ஒரே கதாபாத்திரத்தை மூன்று இடத்திலும் அமைத்துப் பார்க்க வேண்டும். என் உரைகல் இவள்தான்: பனி விழும் மலையூர் ஒன்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி. ஒரு குளிர்கால இரவில், தாயும் வயிற்றுப் பிள்ளையும் பிழைக்க மாட்டார்கள் என்றான நேரத்தில், அவள் வெளியே போய் உறைந்த ஆற்றின் நடுவே நின்று யாருக்கோ ஒரு வாக்குக் கொடுத்தாள். தாயும் பிழைத்தாள், சேயும் பிழைத்தது. மறுநாள் முதல் ஓர் ஆந்தை அவள் கூரையில் வந்து அமரத் தொடங்கியது. ஊரார் கைகூப்பி நன்றி சொன்னார்கள். அடுத்த பிரசவத்துக்கு அவளை அழைப்பதா வேண்டாமா என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்: இல்லாத கிளாஸை இருப்பவற்றிலிருந்து செய்தல்

1974இல் தொடங்கிய இந்த ஆட்டம், ஐம்பது ஆண்டுகளைக் கடந்த பின்னரும் சூனியக்காரியைத் தன் வீரர் கையேட்டில் தனிக் கிளாஸாக வைத்ததில்லை. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில், சொந்தமாக ஒரு கிளாஸை உருவாக்குவது எப்படி என்பதற்கான மாதிரியாக, ஆட்டத்தை நடத்துபவருக்கான நூலில் அவள் இடம்பெற்றாள். நான்காம் பதிப்பின் காலத்தில் 2011இல் விஸார்டின் உட்பிரிவாக வந்தாள். ஐந்தாம் பதிப்பில், 2014ஆம் ஆண்டு நூலானாலும் 2024ஆம் ஆண்டுத் திருத்தமானாலும், விஸார்ட், ட்ரூயிட், வார்லாக் ஆகிய மூன்றில் ஒன்றுக்கு அவளுடைய உடையை உடுத்திவிடுவதே வழி.

விஸார்டை விரைவாகக் கடந்துவிடலாம். ஃபெமிலியர் எனப்படும் ஏவல் விலங்கை அழைக்கும் சடங்கு முதல் லெவலிலேயே, அதாவது கதாபாத்திரம் வளரும் படிகளில் முதலாவதிலேயே, கிடைக்கிறது; ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் அந்தச் சடங்கில் 10 பொற்காசு மதிப்புள்ள நறும்புகைப் பொருள்கள் எரிந்து தீர்கின்றன என்ற விவரம் அழகானது. ஐந்தாம் லெவலில் முறையான சாபமிடும் மந்திரமும் கைக்கு வருகிறது. ஆயினும் விஸார்டின் ஆற்றல் ஏட்டுப் படிப்பிலிருந்து வருகிறது. யாருக்கும் எதையும் அவள் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமாக, வீரர் கையேட்டில் உள்ள விஸார்டின் மந்திரப் பட்டியலில் காயம் ஆற்றும் மந்திரம் இல்லை. காயத்தை ஆற்ற முடியாதவளை மருத்துவச்சி என்று எப்படி அழைப்பது?

ட்ரூயிட் அந்தக் குறையை நிறைவாகத் தீர்க்கிறாள். மூலிகைக் கருவிகளில் தேர்ச்சி அவளுக்குத் தொடக்கத்திலேயே உண்டு. குட்பெரி என்ற முதல் நிலை மந்திரத்தால் அவள் உருவாக்கும் பத்துப் பழங்களில் ஒவ்வொன்றும் ஒரு ஹிட் பாயிண்டை (உயிர்ப் புள்ளியை) மீட்பதோடு ஒருவருக்கு ஒரு நாள் உணவாகவும் அமைகிறது; பஞ்சத்தில் கிடக்கும் மலையூரில் இந்த ஒரு மந்திரமே ஒரு கதை. இரண்டாம் லெவலில் விலங்குருவம் எடுக்கலாம். கௌடியின் முயலை நினைவில் வைத்திருப்பவருக்கு அது பெரும் மகிழ்ச்சி. 2024ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அதே லெவலில் ஃபெமிலியரையும் அழைக்க முடிகிறது. ஆனாலும் ட்ரூயிடுக்கும் இயற்கைக்கும் இடையில் இருப்பது வழிபாடு. உறைந்த ஆற்றில் கொடுத்த வாக்கைக் கேட்டு வசூலிக்க அங்கே ஆள் இல்லை.

ஆகவே பெரும்பாலானோர் வந்து சேருவது வார்லாக்கிடம். ஆற்றலைக் கொடுக்கும் புரவலர் ஒருவர், அவரோடு ஓர் ஒப்பந்தம், அதன் வழியே வரும் மந்திரங்கள் என்று அந்தக் கிளாஸின் அடித்தளமே கடன்தான். செயின் ஒப்பந்தத்தைத் தேர்ந்தால் சாதாரண விலங்குகளுக்கு மேலாக இம்ப் என்ற குட்டிப் பேய், ஸ்பிரைட் என்ற சிறு தேவதை போன்றவற்றைத் துணையாகக் கொள்ளலாம். 2014 நூலில் மூன்றாம் லெவலில் கிடைத்த இது 2024 நூலில் முதல் லெவலிலேயே கிடைக்கிறது. ஸ்பிரைட்டின் எண்களை அப்படியே வைத்துக்கொண்டு அதை ஆந்தை என்று வருணித்தால், கண்ணுக்குத் தெரியாமல் மறையவல்ல ஓர் ஆந்தை நமக்குக் கிடைத்துவிடும். ஆட்டத்தை நடத்துபவர் யாரும் இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன்.

இந்தக் கிளாஸின் குறைகளையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். இரண்டாம் லெவல் முதல் பத்தாம் லெவல் வரை வார்லாக்கிடம், மந்திரம் செய்யச் செலவிடும் ஸ்பெல் ஸ்லாட்டுகள் இரண்டே இருக்கின்றன. குறுகிய ஓய்வில் அவை மீண்டும் நிரம்பும் என்றாலும், ஓய்வுக்கு இடம் கொடுக்காத மேசைகளில் அவள் மந்திரக் கணையை எய்துகொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம். ஹெக்ஸ் என்ற அவளுடைய புகழ்பெற்ற மந்திரத்துக்குச் சாபத்தின் பெயர் இருக்கிறது, சாபத்தின் கனம் இல்லை. முதல் நிலை ஸ்லாட்டில் அது ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். கவனம் சிதறினால் கலைந்துவிடும். ஒருவன் செத்தால் அடுத்தவன் மீது நகர்த்தலாம். பெரும்பாலோர் அதைக் கூடுதலாக விழும் ஓர் ஆறுமுகப் பகடைச் சேதமாக மட்டுமே எண்ணுகிறார்கள். அதன் மறுபாதி எனக்கு மிகவும் பிடித்தது: குறிப்பிட்ட ஒரு திறனைச் சார்ந்த சோதனைகள் அனைத்திலும் சபிக்கப்பட்டவருக்குப் பாதகம் விளையும். பொய்ச்சாட்சி சொல்ல வரும் நிலக்கிழானின் கவர்ச்சித் திறனை மன்றத்துக்குள் நுழைவதற்கு முன்பே கட்டிப்போட்டால், அவனுடைய நாக்கு மன்றத்தில் தடுமாறும். இதைப் பயன்படுத்தும் வீரரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

கடனைப் பொறுத்தவரை இன்னும் ஆழமான சிக்கல் இருக்கிறது. புரவலருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் என்ன ஆகும் என்று இந்த விதிகள் சொல்வதில்லை. லெவல் ஏற ஏற ஆற்றல் தானாகக் கூடிக்கொண்டே போகும். கடன் கொடுத்தவர் கதவைத் தட்டுவதே இல்லையென்றால் அது எப்படிக் கடனாகும்? இதை மேசையில் பேசித்தான் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு லெவல் ஏற்றத்தின்போதும் புரவலர் ஒன்றைக் கேட்பார் என்றும், மறுத்தால் கதையில் அதற்கு விளைவு உண்டு என்றும் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்வது என் வழக்கம். எந்தப் புரவலர் என்ற தேர்வில், பேயரசரையோ தேவதை அரசியையோ எல்லாரும் முதலில் நாடுகிறார்கள். நம் மருத்துவச்சிக்கு நான் பரிந்துரைப்பது செலஸ்டியல் என்ற வானுலகப் புரவலரை. 2017இல் ஒரு துணைநூலில் வந்து 2024இல் வீரர் கையேட்டிலும் இடம்பெற்ற இந்த உட்பிரிவு, ஆறுமுகப் பகடைகளின் சேமிப்பிலிருந்து காயங்களை ஆற்றும் திறனைத் தருகிறது. உயிரைக் காப்பாற்றிய நல்ல சக்தி ஒன்று, தான் செய்த நன்மைக்கும் கணக்கு எழுதி வைத்திருக்கிறது என்ற எண்ணம், ஆன்மாவை விலைபேசும் பேயைவிட நெடுநாள் மனத்தில் தங்கும்.

பாத்ஃபைண்டர்: ஃபெமிலியர் இல்லாமல் மந்திரம் இல்லை

பாத்ஃபைண்டர் இதற்கு நேர்மாறான வரலாறு கொண்டது. முதல் பதிப்பில் 2010ஆம் ஆண்டிலேயே சூனியக்காரி தனிக் கிளாஸாக வந்துவிட்டாள். இரண்டாம் பதிப்பில் 2020இல் துணைநூலில் திரும்பி வந்தவள், 2023 நவம்பரில் வெளியான திருத்தப் பதிப்பின் முதன்மை நூலிலேயே விஸார்டுக்கும், கிளெரிக் என்ற பூசாரிக்கும் சமமாக இடம்பிடித்தாள். இந்த மூன்றாவது வருகையில்தான் அவள் முழுமை பெற்றாள் என்பது என் கருத்து.

காரணம் ஃபெமிலியர். இங்கே சூனியக்காரி மந்திரத்தை ஏட்டில் எழுதிவைப்பதில்லை. அவளுடைய மந்திரங்கள் அனைத்தும் அந்த விலங்குக்குள் இருக்கின்றன. காலையில் அதனோடு ஒன்றி அமர்ந்துதான் அன்றைய மந்திரங்களை அவள் ஆயத்தம் செய்ய முடியும். புதிய மந்திரச் சுருள் ஒன்று கிடைத்தால், ஃபெமிலியர் அதை ஒரு மணி நேரத்தில் தின்று தீர்த்து அந்த மந்திரத்தைக் கற்றுக்கொள்ளும். ஆந்தை ஒன்று பழைய தோல்சுருளைக் கிழித்துக் கிழித்து விழுங்கும் காட்சியை ஒருமுறை மேசையில் வருணித்துவிட்டால், அதன் பிறகு யாரும் அந்த ஆந்தையை மறப்பதில்லை. அது கொல்லப்பட்டால், மறுநாள் காலை ஆயத்தத்தின்போது புரவலர் வேறொன்றை அனுப்பிவைப்பார். அதே ஆந்தையா, அதன் கண்களைக் கொண்ட வேறொன்றா என்ற கேள்வியை விதிகள் மேசையிடமே விட்டுவிடுகின்றன. நான் நடத்திய ஆட்டமொன்றில் திரும்பி வந்த விலங்கு பழைய பெயருக்குத் திரும்பிப் பார்க்கவில்லை; அந்த அமர்வு முழுவதும் விளையாடியவர் அமைதியாக இருந்தார்.

2023 திருத்தம் இதற்கு மேலும் ஒன்றைச் செய்தது. ஒவ்வொரு புரவலரும் ஃபெமிலியருக்கு ஒரு தனித்திறனைத் தருகிறார். சூனியக்காரி தனக்கே உரிய ஹெக்ஸ் என்ற வகை மந்திரம் ஒன்றை ஏவும்போதும் அதை நீட்டிக்கும்போதும் அந்தத் திறன் செயல்படுகிறது. ரிசென்ட்மென்ட் என்ற மனக்கசப்புப் புரவலரைக் கொண்டவளின் ஃபெமிலியர், 15 அடிக்குள் இருக்கும் எதிரி மீது ஏற்கெனவே படிந்துள்ள கெடுநிலைகளின் காலத்தை ஒரு சுற்று நீட்டிக்கும். சைலன்ஸ் இன் ஸ்நோ என்ற பனிப் புரவலரின் ஃபெமிலியர் தன்னைச் சுற்றியுள்ள தரையில் பனிக்கட்டி படரச் செய்து நடையைத் தடுக்கும். விளைவாக, விலங்கு எங்கே நிற்கிறது என்பது சண்டையின் ஒவ்வொரு சுற்றிலும் முக்கியமாகிறது. அதற்கு லெவலுக்கு ஐந்து ஹிட் பாயிண்ட் மட்டுமே உண்டு. எதிரிக்கு அருகில் அனுப்பினால்தான் பயன், அனுப்பினால் சாகவும் கூடும். பையை விட்டு வெளியே வராத பூனை என்ற சிக்கலை இந்த ஒரு மாற்றம் தீர்த்துவிட்டது.

நம் மருத்துவச்சிக்கு இங்கே இரண்டு வழிகள் உண்டு. பனிப் புரவலரை எடுத்தால் உறைந்த ஆறு அப்படியே பொருந்துகிறது. அவளுடைய மந்திர மரபு இயற்கை சார்ந்ததாக அமைவதால் காயம் ஆற்றும் முதன்மை மந்திரமும் கிடைக்கிறது. மனக்கசப்புப் புரவலரை எடுத்தால், ஊர் தன்னைக் கைவிட்டதை மறக்காத ஒருத்தி நம் முன் நிற்பாள். அவளுக்கும் ஆற்றும் மந்திரம் உண்டு, ஆனால் அவளுடைய கவனம் முழுவதும் எதிரியின் துன்பத்தை நீட்டிப்பதில் போய்விடும். பிள்ளைப்பேறு பார்த்த கைகளுக்கு முதல் வழியே ஏற்றது என்று தொடக்கத்தில் நினைத்தேன். இப்போது அவ்வளவு உறுதியாக இல்லை. ஆட்டம் நீண்டு போகப் போக அவள் முதலாவதிலிருந்து இரண்டாவதை நோக்கி நகரும் ஆபத்துதான் அவளுடைய கதை என்று தோன்றுகிறது. மருந்து காய்ச்சும் அண்டாவை முதல் லெவல் ஃபீட்டாக (விரும்பித் தேர்ந்தெடுக்கும் கூடுதல் திறனாக) எடுக்கலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். அழகுக்காகத் தாளில் எழுதிய அண்டா இங்கே உண்மையிலேயே மருந்து தரும்.

கடனைப் பற்றி இந்த நூலும் வாயைத் திறப்பதில்லை. புரவலரின் அடையாளத்தை வேண்டுமென்றே மறைத்து வைத்திருக்கிறார்கள். அவர் யார் என்பது சூனியக்காரிக்கே தெரியாமல் இருக்கலாம். வார்லாக்கின் புரவலரைவிட இது எனக்கு நெருக்கமானது, ஏனென்றால் யாரிடம் வாக்குக் கொடுத்தோம் என்று தெரியாத மருத்துவச்சியின் அச்சம் இதில் அப்படியே நிற்கிறது.

கற்றுக்கொள்ளும் சுமை பெரிது என்பதை மறைக்கக் கூடாது. ஒரு சுற்றில் மூன்று செயல்கள், அவற்றில் ஒன்றைச் செலவிட்டுப் பழைய மந்திரத்தை நீட்டித்தல், ஒரு சுற்றில் ஒரே ஒரு ஹெக்ஸ் என்ற வரம்பு, நாள்தோறும் மாற்றியமைக்கத்தக்க ஃபெமிலியர் திறன்கள் என்று கணக்குகள் அடுக்கடுக்காக வருகின்றன. லெவலுக்கு ஆறு ஹிட் பாயிண்டோடு உடல்திட மதிப்பு மட்டுமே சேரும் என்பதால், முதல் அமர்விலேயே வீழ்ந்துவிடும் புதியவர்கள் உண்டு. மறுபக்கத்தில், ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் என்ற தளத்தில் இந்த விதிகள் முழுவதையும் வெளியீட்டாளரின் இசைவோடு இலவசமாகப் படிக்கலாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் இலவச அடிப்படை ஆவணத்தில் வார்லாக்கின் புரவலர்களில் பேயுலகப் புரவலர் ஒருவர் மட்டுமே இருப்பதால், நான் மேலே சொன்ன வானுலகப் புரவலருக்கு நூலை வாங்கித்தான் ஆக வேண்டும். கல்லூரி மாணவர்கள் நிறைந்த குழுவுக்கு இது சிறிய வேறுபாடு அன்று.

வார்ஹாமர்: ஊரின் கண்

வார்ஹாமரின் நான்காம் பதிப்பு 2018இல் வந்தது. இதில் கிளாஸுக்குப் பதிலாகத் தொழில் இருக்கிறது. சூனியம் சார்ந்த தொழில்கள் இரண்டு. குடியானவர் வகுப்பில் ஹெட்ஜ் விட்ச் என்ற நாட்டு வைத்தியச்சி, குற்றவாளிகள் இருக்கும் வகுப்பில் விட்ச். ஆட்டம் நிகழும் கற்பனைப் பேரரசின் எட்டு மந்திரக் கல்லூரிகளில் ஒன்றின் உரிமம் பெறாமல் மந்திரம் செய்வது சட்டத்துக்குப் புறம்பானது. அதை மோப்பம் பிடிக்கும் சூனிய வேட்டைக்காரர்களும் விளையாடத்தக்க தொழிலாகவே நூலில் இருக்கிறார்கள். அதாவது உங்கள் சூனியக்காரியும், அவளைக் கட்டையில் ஏற்றக் கடமைப்பட்ட ஒருவரும் ஒரே குழுவில் நடக்க நேரலாம். தொழிலைப் பகடையிடம் விட்டு, முதலில் விழுந்ததையே ஏற்றுக்கொண்டால் 50 அனுபவப் புள்ளிகள் பரிசாகக் கிடைக்கும்; சூனியக்காரியாக இருக்க விரும்பாத ஒருவர் மீது அது விதியாக வந்து விழக்கூடும். அப்படி அமைந்த கதாபாத்திரங்களே என் நினைவில் நெடுநாள் நிற்கின்றன.

இந்த ஆட்டத்தின் உயிர் மந்திரப் பிறழ்வுப் பட்டியலில் இருக்கிறது. மந்திரச் சோதனையில் நூறுமுகப் பகடைகள் 11, 44 என இரட்டை எண்ணாக விழுந்தால், மந்திரம் வென்றிருந்தாலும் தோற்றிருந்தாலும் பெரும்பாலும் ஒரு பிறழ்வு நேரும். சிறு பிறழ்வுகளின் பட்டியலில் ஒன்று, சுற்றிலும் இருக்கும் பால் முழுவதும் அந்தக் கணமே திரிந்துபோவது. யாருக்கும் காயமில்லை, ஒரு ஹிட் பாயிண்டும் குறைவதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் பால் திரிந்திருக்கும், அவ்வளவுதான். பட்டியலின் முதல் வரி இன்னும் கொடியது: ஒரு மைல் சுற்றளவில் அடுத்துப் பிறக்கும் உயிர் உருத்திரிந்து பிறக்கும்.

நம் மருத்துவச்சியை இந்த வரியின் முன் நிறுத்திப் பாருங்கள். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணின் அருகே அமர்ந்து, அவள் உயிரைக் காக்க மந்திரம் சொல்லலாமா என்று அவள் எண்ண வேண்டும். பகடை பிறழ்ந்தால் அவள் ஏந்தப்போகும் குழந்தையே அந்த அடுத்த உயிராக இருக்கலாம். மற்ற இரண்டு நூல்களில் எந்தப் பக்கத்திலும் இதற்கு ஈடான ஒரு தருணத்தை நான் காணவில்லை. ஊர் அவளை அஞ்சுவதற்கு இங்கே மூடநம்பிக்கை தேவையில்லை, உண்மையான காரணம் இருக்கிறது. அந்த ஊரையும் வெறுக்க முடியவில்லை, அவளையும் கைவிட முடியவில்லை. இந்த இக்கட்டில் விளையாடுபவரை நிறுத்தும் விதியை எழுதியவர்கள் மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டு.

ஆந்தைக்கு இங்கே பெரிய இடமில்லை. அது கூரையில் அமர்ந்திருக்கும், அவ்வளவே. கடன் கொடுத்த புரவலரும் விதிகளில் இல்லை. காயம்பட்டால் ஆறப் பல நாள்கள் ஆகும், வறுமை விடாது, நம்பிக்கையூட்டும் முடிவுகள் அரிது. வேலை முடிந்து வார இறுதியில் இளைப்பாற வருபவர்களில் சிலருக்கு இந்த இருள் வேண்டாததாக இருக்கும். அவர்கள் மறுப்பதை மதிக்க வேண்டும்.

எதை எடுப்பது

ஏற்கெனவே டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடிக்கொண்டிருக்கும் குழு, ஒருவருடைய சூனியக்காரிக்காக ஆட்டத்தையே மாற்ற வேண்டியதில்லை. செலஸ்டியல் வார்லாக்கை எடுத்து, செயின் ஒப்பந்தத்தில் ஆந்தையைச் சேர்த்து, லெவலுக்கு ஒரு கோரிக்கை என்ற உடன்பாட்டைச் செய்துகொண்டால், மூன்று உறவுகளில் இரண்டு நன்றாகவே நிற்கும். மூன்றாவதுக்கு வார்ஹாமரிடம் கடன் வாங்கலாம்: மந்திரத் தாக்குதல் பகடையில் 1 விழும்போதெல்லாம் ஊரில் ஒன்று கெட்டுப்போகட்டும். பால், மாவு, கிணற்று நீர் எனச் சிறியவற்றிலிருந்து தொடங்கினால் போதும். புதிதாகத் தொடங்கும் குழு, கணக்குகளைக் கண்டு சலிக்காத நான்கைந்து பேர், ஓராண்டாவது தொடர்ந்து விளையாடும் எண்ணம் ஆகியவை இருந்தால், தயங்காமல் பாத்ஃபைண்டரைச் சொல்வேன். சூனியக்காரி என்ற சொல்லுக்கு விதிகளிலேயே முழு உருவம் தந்திருப்பது அது ஒன்றுதான். ஒரே ஊரில், ஒரே குளிர்காலத்தில், ஆறு அல்லது எட்டு அமர்வுகளில் முடியும் கதைக்கு வார்ஹாமரை மிஞ்ச எதுவும் இல்லை. எனக்கு ஒரே ஒரு முறை விளையாட வாய்ப்பிருந்தால் நான் இதைத்தான் எடுப்பேன்.

எதை எடுத்தாலும் தமிழில் விளையாடும் மேசைகளுக்கு ஒரு பொறுப்பு கூடுதலாக இருக்கிறது. விட்ச் என்பதற்கு நாம் சொல்லும் சூனியக்காரி என்ற சொல், கற்பனை உலகத்துக்குள் மட்டும் வாழும் சொல் அன்று. தனித்து வாழும் பெண்ணின் மீது அது இன்றும் வசையாக எறியப்படுகிறது. பெண்களைச் சூனியக்காரிகள் என முத்திரை குத்தித் துன்புறுத்துவதைத் தடுக்கப் பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச் சட்டங்களே இயற்ற வேண்டியிருந்தது. நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய வழக்குகளுக்காக ஸ்காட்லாந்தின் அன்றைய முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் 2022ஆம் ஆண்டு மகளிர் நாளில் மன்னிப்புக் கேட்டார். ஆகவே ஊர் திரண்டு வந்து கதவை இடிக்கும் காட்சியை அமைப்பதற்கு முன், மேசையில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அதற்கு இசைவு உண்டா என்று முதல் அமர்வுக்கு முன்பே கேட்டுவிடுகிறேன். குடும்பத்தில் இதன் சுவடு இருக்கும் ஒருவர் அங்கே இருக்கலாம். இசைவு இல்லையென்றால் பெனந்தாந்தியின் வழி திறந்தே இருக்கிறது: ஊருக்காக இரவில் போரிடும், ஊருக்குத் தெரியாத காவல்காரி.

கடைசியாகச் செய்ய வேண்டியது ஃபெமிலியருக்குப் பெயர் வைப்பது. இதற்கு அரக்கர் பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். 1640களில் கிழக்கு இங்கிலாந்தில் நடந்த சூனிய விசாரணைகளின் பதிவுகளில் வரும் ஏவல் விலங்குகளுக்கு வினிகர் டாம் என்றும், சேக் அண்ட் ஷுகர் என்றும் வீட்டுச் சமையலறையின் வாசம் வீசும் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பழகிய தன்மையே அவற்றின் அச்சுறுத்தல். நான் நடத்திய ஆட்டத்தில் மருத்துவச்சியாக விளையாடியவரிடம் இதைச் சொன்னபோது, அவர் சற்று நேரம் யோசித்துவிட்டு, எங்கே போனாலும் முதுகில் தொற்றிக்கொண்டு இறங்க மறுக்கும் தன் ஆந்தைக்கு உப்புமூட்டை என்று பெயர் வைத்தார்.